அஞ்சு கை கேட்ட ஒட்டகம்

நீதான் செய்தாய். முகத்தைத் திருப்பாதே, உன்னைத்தான் சொல்கிறேன். பங்குனி மாதம் இரண்டாவது புதன்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், வெள்ளாரம்பட்டிக் கண்மாயின் தெற்கு மடைச் சக்கரத்தில் அஞ்சு பேர் கை வைத்தீர்கள். அதில் நாலு பேர் யாரென்று ஊருக்கே தெரியும். அஞ்சாவது கை உன்னுடையது. அந்தக் கையைப் பதினேழு நாளாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நீ வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாய், இங்கே சந்தைப்பேட்டை வாசலில் ஒரு ஒட்டகம் அதற்காகப் பட்டினி கிடக்கிறது.

பேரைச் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக இந்தச் சந்தையில் ஆட்டுத்தரகு பண்ணுகிற பேச்சிக்கு நாக்கு இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். இருந்தும் சொல்ல மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் நடந்ததைக் கேள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் பாதிக் கதைதானே தெரியும்.

தை முடிந்து மாசி பிறந்த அன்றைக்கு, டீக்கடை முத்தையா மகன் லிங்கதுரை, பதினாறு வயசுப் பயல், இனிமேல் டியூஷனுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டுப் படுத்தான். விடிந்து பார்த்தால் தலைமாட்டில் ஒரு காடை உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசுவது என்று முடிவெடுத்த மூன்று பயல்களின் வீட்டில் மூன்று சேவல்கள், கணக்கு வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த ஒரு பெண் பிள்ளையின் வீட்டில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட வெள்ளாட்டுக்குட்டி, படிப்பை நிறுத்திவிட்டு டிரைவராகப் போவது என்று முடிவெடுத்த செல்வகுமரேசன் வீட்டில், வாசல் நிலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து நடுக்கூடத்தில் படுத்த ஒரு எருமை. பதினைந்துக்கு மேலே, இருபத்தொன்றுக்குக் கீழே, எந்தப் பிள்ளை என்ன முடிவெடுத்தாலும் மறுநாள் விடியும்போது அது உயிராக வந்து பக்கத்தில் நின்றது. சின்ன முடிவுக்குச் சின்ன உயிர், பெரிய முடிவுக்குப் பெரிய உயிர். அது எங்கிருந்து வந்தது என்று எவனும் கேட்கவில்லை, எங்கே கட்டுவது என்றுதான் கேட்டான், ஏனென்றால் எங்கள் ஊர் சந்தை ஊர், வாசலில் ஒரு வாயில்லாச் சீவன் நின்றால் முதலில் தண்ணீர் காட்டுவோம், பிறகுதான் யோசிப்போம்.

ஒரே மாதத்தில் ஊர் பழகிவிட்டது. டவுன்பஸ் கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் இல்லை, ஆட்டுக்கு அரை டிக்கெட், எருமை என்றால் கூரைமேல்கூட இடமில்லை என்று போர்டு எழுதித் தொங்கவிட்டார். மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சைக்கிள் ஷெட்டைத் தொழுவமாக்கி, பரீட்சை நாளில் கழுதைகள் கத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார், கழுதைகளும் மதிப்பெண் பயமோ என்னவோ வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே 'இளைஞர்கள் தங்கள் முடிவுகளை மண்டபத்துக்குப் பின்னால் கட்டவும்' என்று அச்சடித்தார்கள். இரண்டு பயல்கள் சண்டை போடப் போனால் அவர்களுக்கு முன்னால் இரண்டு கிடாய்கள் வந்து நின்று முட்டிக்கொண்டன, பயல்கள் தங்கள் சண்டையை மறந்து, கிடாய்களை விலக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? செவ்வாய்க்கிழமைச் சந்தையில் செல்வகுமரேசன் எருமையை நானே விற்றேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், விலையை வாயால் சொல்ல மாட்டோம், துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம், பிடித்த விரலை விட்டால் பேரம் முடிந்தது, அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டும் கிடையாது. வாங்கியவன் திருச்சுழிக்காரன், ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலை எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு, கயிற்றின் மறுமுனையில் திருச்சுழிக்காரனையும் இழுத்துக்கொண்டு, செல்வகுமரேசன் வாசலில் வந்து நின்றது. "எக்கா, நான் புல்லு குடுத்தேன், பிண்ணாக்கு குடுத்தேன், என் பொஞ்சாதி பாட்டுகூடப் பாடினா, வாயைத் திறக்க மாட்டேங்கு!" என்று அந்த ஆள் அழுதான். செல்வகுமரேசன் ஒரு பிடி வைக்கோல் நீட்டினான், எருமை வாங்கித் தின்றது. முடிவை எடுத்தவன் கையால்தான் தின்னும், வேறு எவன் கொடுத்தாலும் தின்னாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்கு விளங்கியது. முப்பது வருஷத்தில் நான் பேசி முடித்த பேரம் திரும்பி வந்தது அந்த ஒன்றுதான், அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தின்னாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஊர் பார்த்தது. லிங்கதுரை தன் காடையை மறந்துவிட்டு மூன்று நாள் கிரிக்கெட் ஆடினான், நாலாம் நாள் காடை செத்துவிட்டது. அதிலிருந்து அந்தப் பயலுக்கு எதையும் முடிவெடுக்க வரவில்லை. அப்பன் கடையில் வந்து நிற்பான், முத்தையா "டீயாலே, காப்பியாலே?" என்று கேட்பார், அவன் டீயைப் பார்ப்பான், காப்பியைப் பார்ப்பான், டீயைப் பார்ப்பான், கடை அடைக்கிற நேரம் வந்துவிடும். படியேறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டே நிற்பான், போகிற வருகிறவர்கள் "இடது, லிங்கதுரை, இடது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் எங்கள் பிள்ளைகளின் கோழிகளையும் ஆடுகளையும் எண்ணிப் பார்த்தோம்.

இந்தச் சங்கதி பரவி, வெளியூரிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார், இளைஞர்களுக்குப் பொறுப்பாக முடிவெடுக்கச் சொல்லிக்கொடுக்க. நல்ல மனுஷன், நெற்றி நிறைய வியர்வை. பள்ளி மைதானத்தில் பெரிய துணிப் பேனர் கட்டி, அதில் முடிவெடுப்பதன் ஆறு படிகளை எழுதி, முதல் படி 'நில்' என்று வாசித்து முடிப்பதற்குள், அந்த வெள்ளைச் சுட்டி வெள்ளாடு, அதன் பெண் பிள்ளை கையில் பிடித்திருந்த பேனரின் அடியிலிருந்து தின்னத் தொடங்கி இரண்டாவது படி வரைக்கும் தின்றுவிட்டது. அதனால் வெள்ளாரம்பட்டிப் பிள்ளைகளுக்கு முடிவெடுப்பதில் தெரிந்தது 'நில்' ஒன்றுதான். அந்த ஒன்றையும் நீங்கள் அஞ்சு பேரும் மடையில் வைத்து மறந்துவிட்டீர்கள்.

இதற்கு நடுவில் என் வீட்டுக் கதை. என் மகள் கோமுவுக்குப் பத்தொன்பது வயசு. அவள் நர்சாக வேண்டும் என்று நான் முடிவு பண்ணினேன், என்ன செய்வது, நான் பேசிய வேகத்துக்கு அவள் "சரிம்மா" என்றாள். விடிந்தால் முற்றத்தில் ஒரு பசு. ஆகா என்று கழுத்தைத் தடவினேன், டொக் என்றது. சுட்ட மண்! கோயில் வாசலில் குதிரை நிற்குமே, அதுபோல் உள்ளே வெறும் காற்று. ஊரில் அப்பன்மார் பேசி முடித்த முடிவுகள் எல்லாம் அப்படித்தான் வந்தன, தெருத்தெருவாக மண் குதிரை, மண் யானை, மண் ஆடு, தீனி வேண்டாம், சாணி இல்லை, நகரவும் செய்யாது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், துணி காயப்போடத்தான் ஆகும். நானும் என் சேலையைப் பசுமேல் காயப்போட்டேன், யாராவது பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். ஒரு வாரம் கழித்துக் கோமு தானாகவே கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு எழுதிப்போட்டாள், மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிற வேலை பழக. மறுநாள் ஒரு கழுதைக்குட்டி, தட்டினால் டொக் என்று சொல்லாத கழுதைக்குட்டி, என்னை முட்டித் தள்ளிவிட்டு அவளிடம் போனது. இடம் கிடைத்து, சேர வேண்டிய தேதியும் வந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். கண்மாயில் தண்ணீர் வடிந்தால் மீனைக் கையால் பிடிக்கலாம் என்று உங்களில் யாரோ சொன்னீர்கள், யார் என்று நான் கேட்கவில்லை, என் மகளையும் சேர்த்து அஞ்சு பேரும் சக்கரத்தைத் திருகினீர்கள், திருகிய சக்கரத்தை மூடத் தெரியவில்லை, தண்ணீர் வாய்க்கால் தாண்டி, பாதை தாண்டி, வேலம்மாள் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த களத்துக்குள் புகுந்தது. பன்னிரண்டு மூட்டை. ஊரே இரண்டு நாள் தும்மியது, தவளைகள் தும்மின. மறுநாள் காலை சந்தைப்பேட்டை வாசலில் ஒட்டகம் நின்றது. எங்கள் சந்தைக்கு அதுவரை ஒட்டகம் வந்ததில்லை, மேலேயிருந்து எங்களைப் பார்த்தது, வட்டிக்காரன் பார்க்கிற மாதிரி.

கோமு வந்து ஒரு பிடி உடைமரக் குழை, அந்த முள்மரத்து இளந்தழை, நீட்டினாள், வாங்கிக்கொண்டது. பால்துரை மகன் ஜெபராஜ் நீட்டினான், வாங்கிக்கொண்டது. கண்டக்டரின் இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி நீட்டினார்கள், வாங்கிக்கொண்டது. நாலு பிடியையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மெல்லாமல், விழுங்காமல், கழுத்தை உன் வீடு இருக்கிற வடக்குத்தெரு பக்கம் நீட்டிக் காத்திருந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் காத்திருந்துவிட்டு அப்படியே கீழே துப்பியது. இன்றைக்குப் பதினேழு நாள். திமிலைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. டெய்லர் அந்தோணி தினமும் டேப்பால் திமிலை அளந்து சந்தைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதுகிறார், முதல் நாள் குடம் மாதிரி இருந்தது, இன்றைக்குத் தேங்காய் அளவு.

வேலம்மாள் அந்த நாலு பேரையும் களத்து மேட்டில் வரிசையாக நிற்க வைத்தாள்.

"எத்தனை மீனுலே பிடிச்சீங்க?"

"மூணு கெளுத்தி, பெரியம்மா" என்றான் இரட்டையரில் ஒருத்தன்.

"மூணு கெளுத்திக்கு என் பன்னிரண்டு மூடையையும் போட்டுக் குழம்பு வச்சுட்டீங்களேலே! காரம் பத்துச்சா?"

அவர்கள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு, எவரும் சொல்லாமல், செடியில் மிச்சம் நிற்கிற மிளகாய்ப் பழத்தை நாங்களே பறித்து, காயவைத்து, மூட்டை பிடித்துத் தருகிறோம் என்று கோமுதான் சொன்னாள். தினமும் போகிறார்கள். ஆளுக்கொரு நிரையாகப் பறிக்கிறார்கள். நாலு நிரை முடிந்தால் அடுத்த நிரையை விட்டுவிட்டு அதற்கடுத்த நிரைக்குப் போகிறார்கள், அந்த நிரை பழுத்துச் சிவந்து அப்படியே நிற்கிறது. கூலிக்காரர் ஒருத்தர் பறிக்கப் போனதற்கு வேலம்மாள், "தொடாதீரும் அண்ணாச்சி, அதுக்கு ஆளு இருக்கு" என்றாள்.

ஜெபராஜ் மூன்றாம் நாள் தூங்கிவிட்டான். பால்துரை சும்மா இருப்பாரா, மகனைப் பாயோடு இழுத்துவந்து, மணிக்கட்டைப் பிடித்து, குழையை ஒட்டகத்தின் வாயில் திணித்தார். "தின்னு! என் மவன் குடுக்கான், தின்னு!" ஒட்டகத்தின் முன்னங்கால் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் எங்கள் கண் முன்னால் சிவந்து, இறுகி, மண்ணாகிப்போனது. நான் தட்டிப் பார்த்தேன். டொக். பால்துரை கையை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் விடிவதற்கு முன்னால் ஜெபராஜ் தானாகவே வந்து நின்றான், கால் திரும்பச் சதையாக அஞ்சு நாள் ஆனது.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் உன் பேரைச் சொல்லவில்லை என்று? ஊருக்கே தெரியும்டா. ஒட்டகம் கழுத்தை வடக்குத்தெருவுக்கு நீட்டும்போதெல்லாம் சந்தையில் அத்தனை பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள். மழை வருமா என்று கேட்டுக்கொள்கிறார்கள், பங்குனி வெயிலில். உன்னை இழுத்துவந்து நிறுத்துவது எனக்கு ஒரு வேலையா? ஆனால் இழுத்துவந்தால் மிச்சம் இருக்கிற ஒட்டகமும் மண்ணாகும். மண்ணானாலும் செத்தாலும் ஒன்றுதான், லிங்கதுரை மாதிரி அஞ்சு பேரும் ஒற்றைக்காலில் நிற்பீர்கள். என் மகள் மோட்டாரும் வேண்டாம் நர்சும் வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெரியாமல், நான் கைகாட்டின பக்கமெல்லாம் "சரிம்மா" என்று போவாள். போன வருஷம் என்றால் அதுதான் எனக்கு வேண்டியது என்றிருப்பேன். இப்போது அதை நினைத்தால் ராத்திரியில் எழுந்துபோய் அவள் கழுதைக்குட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

நானும் ஒரு தந்திரம் பண்ணிப் பார்த்தேன், ஒளிப்பானேன். ஒன்பதாம் நாள், என் தரகுத் துண்டை விரித்து மூடி, அந்த நாலு பேர் கைக்கு நடுவில் என் கையையும் அஞ்சாவதாக நுழைத்துக் குழையை நீட்டினேன். எத்தனை வியாபாரி, எத்தனை விரல், என்னை ஏமாற்றிய விரல் உண்டா, ஒரு ஒட்டகத்தை என்னால் ஏமாற்ற முடியாதா? அது துண்டை முகர்ந்தது, நாலு பிடியை வாங்கியது, அஞ்சாவதில் நின்றது, என் முகத்தைப் பார்த்தது, அன்றைக்கு உச்சிவரை காத்திருக்காமல் நாலு பிடியையும் சேர்த்து என் முகத்தில் துப்பியது. சந்தையே உருண்டு சிரித்தது. கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, பேரம் படியலை போல!" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அந்தோணி அளந்துவிட்டுச் சுவரில் எழுதாமல் நின்றார். கோமு என்னிடம் வந்து, "எம்மா, நான் திங்கக்கிழமை போகலை" என்றாள்.

"ஏட்டி, இடம் போயிரும்!"

"போகட்டும். நாலு பேரில ஒருத்தி போனா மூணு பேரு ஆயிரும்லா. அதுக்கு மூணு பிடிக்கும் நாலு பிடிக்கும் வித்தியாசம் தெரியும்."

அவ்வளவுதான், எனக்குப் பித்தம் தலைக்கேறி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வடக்குத்தெருவுக்கு நடந்தேன். வழியெல்லாம் உன் பேரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடந்தேன். என் அப்பன் நினைவு வேறு வந்தது, பதினோரு வயசில் இந்தச் சந்தையில் ஒரு கிடாயின் கயிற்றை என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்க, இந்தா வாரேன்" என்று போனவன், இன்னும் வரவில்லை. அந்தக் கயிற்றை விடாமல் நின்றதில்தான் நான் தரகு படித்தேன், ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படிப் படிக்க வேண்டியதில்லை. கோமு பின்னாலேயே ஓடிவந்தாள், "எம்மா, பேரைச் சொல்லிராத, சொல்லிராத" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தபடி.

உன் வீட்டு வாசலில் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

ஆமை. படியில் ஆமை, செருப்புக்குப் பக்கத்தில் ஆமை, கோலத்துக்கு நடுவில் ஆமை. உன் அம்மா அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள், ஏதாவது சொன்னால் அழுதுவிடுவாள்போல் இருந்தது. நான் எண்ணினேன். பதினைந்து. இன்றைக்குப் போகமாட்டேன் என்று தினமும் காலையில் நீ எடுக்கிற முடிவும் முடிவுதானே, அதுவும் உயிராக வந்து நிற்காமல் எங்கே போகும்?

ஒரு ஆமையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன், முப்பது வருஷப் பழக்கம், எந்த உயிரைக் கண்டாலும் கை தானாகப் போகும். நல்ல கனம். வாயில் பசலைக்கீரை, அப்போதுதான் பறித்தது. ஓட்டை யாரோ ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். பதினைந்தும் அப்படியே, கொழுகொழுவென்று. எடுத்தவன் கையால்தான் தின்னும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் நீ கையை நீட்டியிருக்கிறாய்.

நாக்கு நுனியில் இருந்த பேரை விழுங்கினேன். ஆமையைக் கீழே வைத்தேன். கோமு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் திரும்பி நடந்தோம், ஒரு பேரத்தை முடிக்காமல் நான் திரும்பி நடந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். பொறுப்பு இல்லாதவன் என்று ஊர் உன்னை நினைக்கிறது, நானும் நினைத்தேன், ஆமையைத் தூக்கிப் பார்த்த பிறகு நினைக்கவில்லை. உனக்குக் கை இருக்கிறது, ஊட்டத் தெரிந்த கை. பயந்த முடிவுகளை இவ்வளவு பதமாக வளர்க்கிறவனுக்கு இந்த ஒன்று மட்டும் முடியாதா? யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். வேலம்மாள் வாய் பேசுவாள், வாங்கிக்கொள், நியாயம்தான். நான் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை, பேசுவேன், நன்றாகவே பேசுவேன், ஆனால் நீ ஊட்டி முடித்த பிறகு.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. திமில் திங்கட்கிழமை வரை தாங்காது என்கிறார் அந்தோணி. காலை ஆறு மணிக்கு அந்த நாலு பேரும் சந்தைப்பேட்டை வாசலில் நிற்பார்கள், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் நிற்பார்கள், உடைமரக் குழையை அஞ்சு கட்டாகத்தான் ஒடித்து வைத்திருக்கிறாள் என் மகள். இதில் பேரம் இல்லை, துண்டு இல்லை, நான் நடுவில் நிற்க மாட்டேன். கதவைத் திற. ஆமையை மிதிக்காமல் படி இறங்கு. பகலில், அத்தனை பேர் பார்க்க, தெரு நடுவில் நடந்து வா. வந்து அந்தக் கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடு.